ஐஸ் பெட்டியில் இரண்டு போத்தல்

அத்தியாயம் பதினொன்று

நப்லா சொன்ன பொய் ஒரேயொரு சொல்தான். "ஓம்." அவ்வளவுதான்.

கதையைப் பிந்தி வந்து பிடித்தவர்களுக்காக அதை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தளம் நகரத்தில் இரத்தம், சிறுநீர் சோதிக்கிற ஒரு தனியார் லெப்பில் வேலை செய்கிறவள் நப்லா. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த லெப் கண்டக்குழியில் ஓர் இலவச முகாம் நடத்தியது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஆளுக்கொரு சின்னப் போத்தல். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று மெஷினில் பார்ப்பார்கள். இருந்தால் குடலில் புற்றுநோய் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். கண்டக்குழி நப்லாவின் மாமியார் ஊர். முகாமை அங்கேதான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவள்தான்.

போத்தலைக் குளிரில் வைக்க வேண்டும், பிரிஜ்ஜில் வையுங்கள் என்று அவளே மைக் பிடித்துச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஊருக்குள் வந்த மருமகள் சொன்னால் தலையாட்டத்தானே வேண்டும்! ஆனால் பிரிஜ்ஜுக்குள் பால் இருக்கும், நேற்றைய கறி இருக்கும். அதற்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோய் வைக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? முஸ்லிம் வீடுகளில் நஜீஸ், அசுத்தம் என்றார்கள். வேதக்காரக் கிறிஸ்தவ வீடுகளில் சீ என்றார்கள். சொல் வேறாக இருந்தாலும் போத்தல் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: கக்கூஸ் சுவரில் அடித்த ஆணி. தகரக் கூரைக்குக் கீழே, பிளாஸ்டிக் சொப்பின் பேக்கில், காலை வெயிலைப் பார்த்துக்கொண்டு அவை தொங்கின.

போத்தல் சேர்க்கப் போன அன்று மாமியார் வீட்டு ஆணியிலிருந்து நப்லாவே பேக்கைக் கழற்றினாள். கைக்குச் சுட்டது. சூடு பட்டால் போத்தலுக்குள் இருக்கிற இரத்தம் சிதைந்துபோகும். இருக்கிற இரத்தத்தையே மெஷின் இல்லை என்று சொல்லிவிடும். அவள் படித்த படிப்பில் இது தொடக்கப் பாடம். அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துப் புதியது தந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டு மாக்கிறட் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் மாமியாரைப் பார்த்து, "நீங்க வச்ச விதம் பிழை" என்று சொல்ல நப்லாவுக்கு நாக்கு எழவில்லை. பேசாமல் பெட்டியில் போட்டாள். ஒரு வீட்டை விட்ட பிறகு மற்ற வீடுகளை எப்படித் தடுப்பது? எல்லாம் பெட்டிக்குள் போயின.

லெப்பில் பொறுப்பாளர் ஹாசிம் சேர் கேட்டார்: "எல்லாம் குளிர்லதானே இருந்திச்சு?"

"ஓம் சேர்."

இரத்தம் இல்லை, இரத்தம் இல்லை என்று வீடு வீடாக ரிப்போட் போனது. ஊர் நப்லாவைக் கொண்டாடியது.

போன கிழமைதான் மாமி தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொன்னார். மாமாவுக்கு வெளிக்குப் போகும்போது இரத்தம் போகிறது. டொக்டரிடம் போங்கள் என்றால் மாமா அலுமாரியைத் திறந்து ரிப்போட்டை எடுத்து ஆட்டுகிறாராம். "மருமகள்ட லெப் சொல்லியிரிக்கி. இதுக்கு மேல என்ன டொக்டர்?"

நப்லாவின் கணவன் ஸுஹைப், "மூலமா இரிக்கும், நீ வாயத் தொறந்து ஊரக் கெளப்பாத" என்று சொல்லிவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். பொஞ்சாதிக்கும் தாய்க்கும் நடுவில் மாட்டுவதை விட உப்பளத்து வெயில் மேல் என்று நினைத்தானோ என்னவோ.

சனிக்கிழமை காலை, புதிதாக வாங்கிய, ஐஸ் போட்டு வைக்கிற ஒரு ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நப்லா கண்டக்குழி பஸ்ஸில் ஏறினாள்.

*

மாமா மக்பூலுக்கு இரண்டு வள்ளமும் ஒரு குரலும் உண்டு. கரையில் நின்று அவர் கத்தினால் வள்ளத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். மனைவியை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். சித்தி லெய்லா என்பது மாமியின் பெயர்; அடுப்படியில் நின்றாலும் கிணற்றடியில் நின்றாலும் வந்துவிடுவார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு அதுதான் பெயர்.

நப்லா போனபோது மக்பூல் வாசலில் கதிரை போட்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கதிரையில் ஒரு மெத்தைத் துண்டு போட்டிருந்தார். முந்தி அது இல்லை.

"வா புள்ள, வா." மாமி வேலிப் படலை வரைக்கும் வந்தார். அந்தச் சின்ன நடைக்கே மூச்சு வாங்கினார். "ஸுஹைப் வரல்லயா?"

"அவருக்கு வேல மாமி."

அந்த வீட்டில் மருமகளும் மாமனாரும் பேசிக்கொள்ளும் விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நப்லா மாமியைப் பார்த்துச் சொல்வாள், மாமா கேட்பார். மாமாவும் மாமியைப் பார்த்தே பதில் சொல்வார். சோறு, பெருநாள், பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் இப்படித்தான் போய் வரும். இன்றைக்குப் பேச வந்ததோ மாமனாரின் வயிற்றையும் அதற்குக் கீழே உள்ளதையும் பற்றி. மாமியை நடுவில் வைக்காமல் எப்படிப் பேசுவது?

"மாமி, அந்த ரிப்போட் சரியில்ல."

"என்னவாம்?" என்றார் மக்பூல், மனைவியிடம்.

"ரிப்போட் சரியில்லயாம்."

"லெப்புல மெஷின் பழுதாமா?"

"மெஷின் நல்லாத்தான் இரிக்கி, மாமி." நப்லா பெட்டியின் மூடியை விரலால் சுரண்டினாள். "போத்தல்தான் பழுது. மீன ஐஸ் போடாம வெயில்ல வச்சா என்ன ஆகும்? போத்தலுக்குள்ள இருந்த இரத்தமும் அப்பிடித்தான். கெட்டுப்போன இரத்தத்த மெஷின் காணாது. ஆணியில தொங்கினத நான் கழட்டக்குள்ள சுட்டிச்சு. எனக்கு அப்பவே வெளங்கிச்சு. வெளங்கியும் பேசாம எடுத்துட்டுப் போனேன். பிழ என்ட."

கடைசி இரண்டு சொல்லையும் அவள் மாமாவைப் பார்த்தே சொன்னாள். திட்டட்டும், எழும்பிப் போகச் சொல்லட்டும், எதற்கும் தயாராக வந்திருந்தாள்.

மக்பூல் சிரித்தார். சத்தமாகச் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். சித்தி லெய்லா நிலத்தைப் பார்த்தார்.

"அப்ப வெயில்தான் பிழையாமா?" என்றார் மக்பூல். "வேற பிழ ஒன்டும் இல்லயாமா?"

தன்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நப்லா நினைத்தாள். முகம் சிவந்தது. குத்துவதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது என்றும் நினைத்தாள்.

"மாமாவ டொக்டர்ட்ட போகச் சொல்லுங்க மாமி. இரத்தம் கண்ட ஆளுக்குப் போத்தலே தேவல்ல. நேர போகணும்."

"மூலத்துக்கு என்ன டொக்டர்? என்ட வாப்பாக்கும் இருந்திச்சு. எண்பது வயசு வரைக்கும் கடலுக்குப் போனார்." மக்பூல் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார். "வள்ளம் வார நேரம். நான் கரைக்குப் போறேன் என்டு சொல்லு."

யாரிடம் சொல்லச் சொன்னார்? மருமகளிடம் சொல்லத்தான் சொன்னார், அவள் முன்னால் நிற்கும்போதே. மாமியும் விடாமல், "கரைக்குப் போறாராம்" என்று சொன்னார். வேறு நாளென்றால் நப்லாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

அவர் படலையைத் தாண்டியதும் நப்லா பெட்டியைத் திறந்தாள். ஐஸுக்கு மேல் துணி விரித்து இரண்டு புதுப் போத்தல்கள். "மாமி, கடதாசிய நம்பி நிக்கிற ஆளக் கடதாசி காட்டித்தான் அசைக்கலாம். இந்த மொற ஒழுங்காச் செஞ்சு பாப்பம். இரத்தம் இரிக்கி என்டு வந்தா அவருக்கு வேற கத இல்ல. ஒங்கடதும் அண்டைக்குக் கெட்டுப்போனதுதான். ஒங்களுக்கும் ஒன்டு."

"எனக்கு என்ன புள்ள? நான் கல்லு மாதிரி." சித்தி லெய்லா இரண்டு போத்தலையும் வாங்கி முந்தானைக்குள் மறைத்தார். "அவர்ட நான் வாங்கித் தாரேன். நீ குசினில இரி."

போத்தலை உரிய ஆளின் கையில்தான் கொடுக்க வேண்டும், எப்படி எடுப்பது என்று அவருக்கே சொல்லித்தர வேண்டும். இதுவும் லெப்பின் விதிதான். கரைக்குப் போய், பத்துப் பேருக்கு நடுவில் மாமனாரைக் கூப்பிட்டு, "தண்ணியில விழாமக் கடதாசி போட்டு எடுங்க மாமா, குச்சியால நாலு இடத்துல கீறுங்க" என்று சொல்வதா? நப்லா அதை மாமிக்குச் சொன்னாள். மாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

குசினியில் மாமி ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணீர் ஆறியது. நப்லா குடிக்கவில்லை. ஒரு பாடு நேரம் கழித்து மாமி வந்தார், இரண்டு போத்தலையும் கடதாசியில் சுற்றிக்கொண்டு. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தார்.

"மாமா வந்தாரா?"

"பின் வாசலால வந்துட்டுப் போயிட்டார். வெக்கம், பாவம்." மாமி பெட்டியை எட்டிப் பார்த்தார். "இது மீன் வச்ச பெட்டி இல்லயே?"

"இல்ல மாமி. இதுக்கெண்டே வாங்கினது."

"அண்டைக்கும் தெருவுக்கு ஒன்டா இப்பிடி வேற பெட்டி தந்திருந்தா எல்லாரும் அதுல போட்டிருப்பாங்களே. ஐஸுக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சம்?"

மாமி குறை சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொன்னார். ஆனால் நப்லாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஐஸ் லொறி தினமும் வந்து போகிற ஊரில் அவள் மைக் பிடித்து பிரிஜ் என்று சொன்னாள். ஒரு சோற்றுப் பெட்டிக்கும் ஒரு நஜீஸ் பெட்டிக்கும் வித்தியாசம் தெரிந்த வீட்டில் பிறந்தவள்தானே அவளும்? அவளுடைய உம்மா வீட்டு பிரிஜ்ஜில் அவள் வைத்திருப்பாளா? மாட்டாள். அது தெரிந்தும் சொன்னாள். படித்த பிள்ளை பேசுகிற மாதிரிப் பேச ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

"நானும் வாரேன் புத்தளத்துக்கு," என்றார் மாமி. "அவருட முடிவ நான் நேர்ல கேக்கணும்."

*

பஸ் மின்சாரக் காற்றாடிகளைத் தாண்டிப் போகும்போது சித்தி லெய்லா மருமகளின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பகலில் கண் மூடாத மனுஷி. பஸ் குலுங்கும்போது அவருடைய கைக் காப்பு முழங்கை வரைக்கும் போய் வந்தது. உதடு வெளுத்திருந்தது.

மாமாவை நினைத்து நினைத்து உருகிப் போனார் என்று நப்லா நினைத்தாள். எல்லாம் என்னால் வந்தது. அன்றைக்கு அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுத்திருந்தால் மாமா எப்போதோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். புற்றுநோயாகவே இருந்தாலும் தொடக்கத்திலேயே பிடித்தால் வெட்டி எடுத்துவிடலாம் என்பதற்காகத்தானே இந்தச் சோதனையே. மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை அவள் ஒரு "ஓம்" சொல்லித் தின்றுவிட்டாள்.

பாலாவியில் மாமி கண் விழித்தார். "நப்லா, அவருக்கு ஏதும் என்டு வந்தா என்னட்ட சொல்லு. ஸுஹைப்ட்ட சொல்லாத. அவன் பயந்துடுவான்."

"பயப்படாதீங்க மாமி."

"நான் பயப்படல்ல," என்றார் மாமி. "அந்தப் போத்தல்... ஒன்டு நல்லாவும் ஒன்டு கூடாமலும் வருமா?"

"வரும் மாமி. ஆள் வேற தானே."

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

ஹாசிம் சேருக்கு மெஷின் மேல் ஒரு மரியாதை உண்டு. நோயாளியின் போத்தலை வைப்பதற்கு முன்னால், அளவு தெரிந்த இரண்டு திரவங்களை வைத்துப் பார்ப்பார். ஒன்று குறைந்த அளவு, மற்றது கூடிய அளவு. கொன்ட்ரோல் என்பார்கள். இரண்டையும் மெஷின் சரியாகச் சொன்னால்தான் மற்றவர்களுடைய முறை. "அதுக்கு சலாம் சொல்லாம மெஷினத் தொடாத" என்பது அவர் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் வார்த்தை.

நப்லா உள்ளே வந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "கேட்டியா? நம்மளச் சோதிக்க வெளியால இருந்து அனுப்பின பேரில்லாத சாம்பிள் எல்லாத்தையும் நாம சரியாச் சொல்லியிரிக்கிறோம். ஒன்டு கூடப் பிழைக்கல்ல. நம்மட லெப் பாஸ்!"

இதைவிட மோசமான நேரம் வாய்த்திருக்க முடியாது. நப்லா பெட்டியை மேசையில் வைத்தாள்.

"சேர், கண்டக்குழிப் போத்தல் குளிர்ல இருக்கல்ல."

"எந்தக் கண்டக்குழி?"

"முகாம் போத்தல். வெயில்ல இருந்திச்சு. எனக்குத் தெரியும். நீங்க கேட்டீங்க, நான் ஓம் என்டு சொன்னேன்."

ஹாசிம் சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டை நுனியில் துடைத்தார், பிறகும் துடைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"இந்த மெஷினுக்கு நான் ஒவ்வொரு நாளும் பரீட்ச வைக்கிறேன்," என்றார். "ஒனக்கு வைக்கணும் என்டு எனக்குத் தோணல்லயே, புள்ள."

நப்லா அழுதாள். புறங்கையால் துடைத்தாள்.

"அழுது முடிச்சிட்டுக் கேளு. அத்தன வீட்டுக்கும் திரும்பப் போகணும். பள்ளிவாசல்லயும் சொல்லணும், வேதக்கோயில்லயும் சொல்லணும். நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன், ஆனா பேசுற வாய் ஒன்ட வாயா இரிக்கணும். செய்வியா?"

"ஓம் சேர்."

"இது எந்த ஓம்?"

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். திறந்து ஐஸைத் தொட்டுப் பார்த்தார். போத்தலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்காத குறைதான். "இது குளிர்ந்துதான் இரிக்கி. யாருட?"

"மாமாட ஒன்டு. மாமிட ஒன்டு."

கொன்ட்ரோல் இரண்டும் சரியாக வந்தன. அடுத்து மாமாவின் பெயர் ஒட்டிய போத்தல். நப்லா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண் வந்தது. எல்லையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

தெரிந்துதான் வந்தாள். ஆனாலும் அந்த எண்ணை இரண்டு தடவை வாசித்தாள். மக்பூலின் குரல் காதில் கேட்டது. வள்ளம், கரை, பிளேன்டீ, கதிரையில் போட்ட அந்த மெத்தைத் துண்டு. யா அல்லாஹ், அந்த மனுஷனை நானா...

"மற்றதும் வருது, பாரு," என்றார் ஹாசிம் சேர்.

மாமியின் போத்தல். அதிலும் இரத்தம். அதுவும் எல்லையைத் தாண்டி அதே இடத்தில்.

"ரெண்டு பேருக்குமா?" என்றாள் நப்லா.

"புருஷனுக்கும் பொஞ்சாதிக்கும் ஒன்டா வரக்கூடாது என்டு சட்டமில்ல." ஹாசிம் சேர் திரைக்குக் கிட்ட குனிந்தார். "ஆனா எண்ணப் பாரு."

இரண்டு எண்ணுக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம்தான் இருந்தது.

அவர் அவசரப்படவில்லை. முதல் போத்தலின் மிச்சம் அடுத்ததில் தொற்றியிருக்கலாம், சில நேரம் நடக்கும் என்றார். நடுவில் கொன்ட்ரோலை வைத்துப் பார்த்தார். அது சரியாகவே வந்தது. மாமியின் போத்தலை முன்னால் வைத்து மாமாவினதைப் பின்னால் வைத்தார். எண்கள் திரும்பவும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்து நின்றன, ஒரே குடத்துத் தண்ணீரை இரண்டு கோப்பையில் வார்த்தது போல.

"இது ரெண்டு ஆள் இல்ல," என்றார் ஹாசிம் சேர். "ஒரே ஆள்ட சாம்பிள், ரெண்டு போத்தல்ல. இந்த வேலைல இத்தன காலம் இரிக்கிறேன். நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நீ போய்க் கேளு."

யாரிடம் கேட்பது என்று நப்லாவுக்குத் தெரியும். மாமா கரைக்குப் போனதைக் கண்ணால் கண்டாள். திரும்பி வந்ததை அவள் காணவில்லை. பின் வாசலால் வந்தார் என்று மாமி சொன்னார். அவள் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. மாமனாரிடம் ஒரு வார்த்தை நேரே கேட்கும் வெட்கத்திலிருந்து தப்பலாம் அல்லவா?

*

சித்தி லெய்லா வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாருமில்லை. உள்ளிருந்து வந்த மருமகளின் முகத்தைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். எழும்ப முடியவில்லை, வாங்கைப் பிடித்துக்கொண்டார்.

நப்லா அவருக்கு முன்னால் நிலத்தில் குந்தினாள்.

"மாமி, மாமாட போத்தல யாரு நெரப்பின?"

மாமி முந்தானையை இழுத்துத் தலையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"மாமி."

"அவரு மாட்டேன் என்டு நின்டார், புள்ள. ஆம்புளைக்கு இதென்ன வேல என்டு சத்தம். நான் என்ன செய்ய?" மாமியின் குரல் தணிந்தது. "ரெண்டும் என்டதான்."

"இண்டைக்கா?"

"அண்டைக்கும்."

நப்லாவுக்குக் காலையில் மாமா சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. வேற பிழ ஒன்டும் இல்லயாமா?

"அண்டைக்கு நீ மைக்கெல்லாம் புடிச்சுப் பேசினே. ஊரே வந்து நின்டிச்சு. சொந்த மாமனாரே போத்தல் குடுக்கல்ல என்டா மாக்கிறட் என்ன நெனைப்பா? நப்லாவ அவட வீட்டு ஆளே மதிக்கல்ல என்டு தானே கதைப்பாங்க? நீ எங்கட வீட்டுக்கு வாரதே ஆடிக்கொருக்கா. வந்த இடத்துல ஒனக்கு வெக்கக்கேடு வரக்கூடாது என்டுதான் செஞ்சேன்." மாமி அவளுடைய கையைப் பிடித்தார். மாமியின் கை ஐஸ் பெட்டியைப் போலக் குளிர்ந்திருந்தது. "கோவிக்காத புள்ள."

மாமியாரை ஊருக்கு முன்னால் வெட்கப்படுத்தக் கூடாது என்று மருமகள் பேசாமல் இருந்தாள். மருமகளை ஊருக்கு முன்னால் வெட்கப்படுத்தக் கூடாது என்று மாமியார் இரண்டு போத்தலை நிரப்பினார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் செய்த இந்த உபகாரத்தில் மூன்று மாதம் போய்விட்டது. நப்லா மாமியின் கையை விடவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், மாமி முந்திக்கொண்டார்.

"உள்ள என்ன வந்திச்சு?" என்றார் மாமி.

"இரத்தம் இரிக்கி மாமி. ரெண்டுலயும்."

அவர் கணக்குப் போடுவது நப்லாவுக்கு முகத்திலேயே தெரிந்தது. இரண்டு போத்தல். இரண்டிலும் இரத்தம். இரண்டும் யாருடையது? பிறகு அந்த வெளுத்த முகத்தில், யாரும் எதிர்பார்க்காத விதமாக, ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப அந்த இரத்தம் அவருட இல்ல," என்றார். "அல்ஹம்துலில்லாஹ்."

"மாமி!"

"அவருட இல்லத்தானே?"

நப்லா அவருடைய மடியில் முகத்தை வைத்து அழுதாள். இந்த மனுஷியின் மூச்சு வாங்கலைக் காலையில் கண்டாள். காப்பு முழங்கைக்குப் போனதைப் பஸ்ஸில் கண்டாள். உதடு வெளுத்ததையும் கண்டாள். இரத்தத்தைத் தேடுவதையே தொழிலாகச் செய்கிறவள், தோளில் சாய்ந்து தூங்கியவரை மாமாவுக்காக உருகியவர் என்று நினைத்துவிட்டுப் பஸ்ஸை விட்டு இறங்கினாள். இதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

"எவ்வளவு நாளா மாமி?"

"எது?"

"சொல்லுங்க. எனக்காகச் சொல்லுங்க."

"நோன்புக்கு முந்தி, ஒங்கட முகாமுக்கும் முந்தி," என்றார் மாமி, மெதுவாக. "கொஞ்சம் கொஞ்சமா. ரிப்போட்ல ஒன்டுமில்ல என்டு வந்திச்சே, அப்ப ஒடம்புச் சூடாக்கும் என்டு விட்டுட்டேன். நீ பாத்துத் தந்த ரிப்போட் தானே."

நப்லா எழும்பினாள். கண்ணைத் துடைத்தாள். தொலைபேசியை எடுத்து மாமாவின் இலக்கத்தை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவருக்கு ஏன் எடுக்கிறே? இங்க தா, நான் கதைக்கிறேன்," என்று மாமி கையை நீட்டினார்.

நப்லா கொடுக்கவில்லை. இந்த ஒரு தடவை நடுவில் யாரையும் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மறுபக்கம் கடல் இரைந்தது. யாரோ மீன் விலை கத்தினார்கள். "ஹலோ?" என்றார் மக்பூல், கரைக்கும் கடலுக்கும் கேட்கிற அந்தக் குரலில்.

"மாமா, நான் நப்லா. ஒங்கள்ட நேரயே கேக்கிறேன். கோவிக்காதீங்க. அந்தப் போத்தல் ஒங்கட இல்லத்தானே? அண்டைக்கும் இல்ல, இண்டைக்கும் இல்ல."

மீன் விலை கத்தியவனின் சத்தம் தூரப் போனது. மக்பூல் கூட்டத்தை விட்டு விலகி நடக்கிறார் என்று தெரிந்தது. வாங்கிலிருந்த சித்தி லெய்லா, தொலைபேசியிலிருந்து வரப்போகும் குரலுக்குக் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாமா பேசினார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"லெய்லாக்கு என்ன, மகள்?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் வாயால் கேட்காத தன் பெயரைக் கேட்டு, வாங்கிலிருந்த சித்தி லெய்லா முதல் தடவையாகப் பயந்துபோனார்.